பெட்ரோல் டேங்க் ஒழுகுதா? எம்சீல் வாங்க ஓடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வண்டிக்கு கீழ பெட்ரோல் சொட்டுச்சுன்னா நம்ம ஆளுங்க முதல்ல பண்றது என்னன்னா, நேரா ஹார்டுவேர் கடைக்கு போய் ஒரு எம்சீல் வாங்கிட்டு வந்து எங்க ஈரமா தெரியுதோ அங்க அப்பிட்டு போறதுதான். ரெண்டு நாள்ல அந்த எம்சீலுக்கு பக்கத்துலயே மறுபடி ஈரம், அதுக்கு மேல இன்னொரு அப்பு, கடைசில டேங்குக்கு அடியில ஒரு சாம்பல் கட்டி தொங்கும், ஒழுகல் மட்டும் நிக்காது. காரணம் சிம்பிள், பெட்ரோல் சொட்டுற இடம் வேற, கிளம்புற இடம் வேற. தண்ணிய விட மெல்லிசு அது, ஒரு நூல் அளவு கேப் கிடைச்சா போதும், வாஷருக்கு அடியில கிளம்பி டேங்க் மடிப்பு வழியா ஓடி, ட்யூப் மேல வழிஞ்சு, கடைசியா எஞ்சின் மேல எங்கயாவது சொட்டும். நாம சொட்டுற இடத்தை பிடிச்சு அடைச்சுட்டு இருப்போம்.

அதனால இந்த வேலைல முக்கால்வாசி, எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான். இங்க நான் முக்கியமா சொல்லப் போறது தகர டேங்க் வெச்ச பைக், ஸ்ப்ளெண்டர், பல்சர், புல்லட் மாதிரி வண்டிகளுக்கு, கார் பத்தி கடைசில கொஞ்சம்.

முதல்ல வண்டிய வீட்டுக்குள்ள இருந்து வெளிய தள்ளுங்க. இது சும்மா சொல்றது இல்ல. நம்ம வீடுகள்ல ராத்திரி வண்டிய திருட்டு பயத்துல ஹால்லயே ஏத்தி வைக்கிறவங்க நிறைய பேரு, அதே ஹால்ல ஒரு மூலையில சாமி விளக்கு, இன்னொரு மூலையில கொசுவத்தி, பக்கத்துல ஃப்ரிட்ஜ். பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, தரையோட தரையா படர்ந்து கதவு சந்து வழியா அடுத்த ரூமுக்கே போகும். காத்துல நூத்துக்கு ஒன்றரை பங்கு ஆவி இருந்தாலே பிடிச்சுக்கும், பெரிய பொறி கூட வேணாம். பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்கிற சூடு, மைனஸ் 40 டிகிரிக்கும் கீழ, அதாவது நம்ம ஊர் குளிர்ல ராத்திரி 12 மணிக்கு கூட அது ஆவி விட்டுட்டுதான் இருக்கும். வாசனை வந்தா லைட் ஸ்விட்ச், ஃபேன் ஸ்விட்ச் எதையும் தொடாம கதவு ஜன்னலை திறந்துட்டு வண்டிய வெளிய தள்ளுங்க, ஸ்டார்ட் பண்ணி எடுத்துட்டு போற வேலையே வேணாம். அப்புறம் பேட்டரி மைனஸ் வயரை கழட்டிடுங்க. பக்கத்துல ஒரு பக்கெட் மணலோ பவுடர் வகை தீயணைப்பு சிலிண்டரோ இருந்தா நல்லது, தண்ணி ஊத்தினா எரியிற பெட்ரோல் தண்ணி மேல மிதந்து பரவும்.

சரி, இப்போ கண்டுபிடிக்கிற வேலை. கார்பரேட்டர் வண்டியா இருந்தா முதல் கேள்விக்கு பதில் சொல்றது பெட்ரோல் டேப்பு. டேப்பை ஆஃப்ல வெச்சுட்டு, கீழ ஈரத்தை எல்லாம் துணியால துடைச்சுட்டு ஒரு கால் மணி நேரம் விடுங்க. சொட்டு நின்னுடுச்சுன்னா உங்க டேங்க் நல்லாத்தான் இருக்கு, பிரச்சனை டேப்புக்கு கீழ, ட்யூப்லயோ கார்பரேட்டர்லயோ. நிக்கலைன்னா டேப்பு இல்லன்னா டேங்க். இந்த ஒரு சோதனையிலயே பாதி பேருக்கு வேலை முடிஞ்சுடும், ஏன்னா டேங்க் ஒழுகுதுன்னு கிளம்புற வண்டிகள்ல நிறைய, கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ கேஸ்தான். கார்பரேட்டர் கப்புக்குள்ள ஒரு மிதவை இருக்கு, பெட்ரோல் நிறைஞ்சதும் அது மேல எழும்பி ஒரு நீடில வெச்சு வழிய அடைக்கும், அந்த நீடில் முனைல ஒரு துளி தூசி மாட்டினாலோ முனை தேஞ்சு போனாலோ அடைக்காது, பெட்ரோல் வந்துட்டே இருக்கும், கப்புக்கு அடியில இருக்கிற சின்ன பைப் வழியா கீழ கொட்டும். ஸ்க்ரூடிரைவர் பிடியால கப்பை ரெண்டு தட்டு தட்டிப் பாருங்க, சில சமயம் அதுலயே தூசி விலகி நின்னுடும். திரும்ப திரும்ப வந்தா கப்பை கழட்டி சுத்தம் பண்ணி நீடில் மாத்தணும். இன்னொன்னு, ராத்திரி பூரா ஓவர்ஃப்ளோ ஆன வண்டில பெட்ரோல் எஞ்சினுக்குள்ள இறங்கி ஆயில்ல கலந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சாலோ ஆயில் அளவு கூடியிருந்தாலோ ஆயில் மாத்தாம ஓட்டாதீங்க.

ட்யூப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு முனையிலயும் வளைச்சுப் பாருங்க, வெடிப்பு விட்டிருந்தா மாத்துங்க, கம்பி கிளிப்பும் சேர்த்து மாத்துங்க, முனைய வெட்டி விட்டு மறுபடி சொருகுறது எல்லாம் ரெண்டு மாசத்துக்குதான். பெட்ரோலுக்குன்னு விக்கிற ட்யூபா வாங்குங்க, மீன் தொட்டிக்கு போடுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப் பெட்ரோல்ல கல்லு மாதிரி இறுகி வெடிக்கும்.

இதுக்கு நடுவுல ஒழுகலே இல்லாத ஒழுகல் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். சித்திரை வெயில்ல பங்க்ல ஃபுல் டேங்க் போடுங்கன்னு சொல்லி, மூடி வாய் வரைக்கும் தளும்ப ஊத்திக்கிட்டு, வண்டிய வெட்டவெளியில நிறுத்திட்டு போனா, வந்து பார்க்கும்போது டேங்க் பூரா வழிஞ்சிருக்கும். நிலத்தடி டேங்க்ல இருந்து வர்ற பெட்ரோல் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், வெயில்ல சூடானதும் விரியும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்கு. 10 லிட்டர் டேங்க் 15 டிகிரி சூடாச்சுன்னா 150 மில்லி, ஒரு டீ டம்ளருக்கு மேல, அது எங்க போகும், மூடி வழியாதான் வரும். பிஎஸ்6 (புதுசா வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியா இருந்தா இன்னும் மோசம், அதுல டேங்க் ஆவிய பிடிச்சு வைக்க கரி போட்ட ஒரு கேனிஸ்டர் இருக்கு, தளும்ப ஊத்தினா அதுக்குள்ள திரவமாவே பெட்ரோல் போய் கரி ஊறி, கேனிஸ்டர் பைப் வழியா சொட்டும். டேங்க் கழுத்துக்குள்ள தெரியிற தகடு வரைக்கும் ஊத்தினா போதும், பங்க்காரர் ரவுண்டா வரட்டும்னு ரெண்டு தடவை கூட அழுத்துவாரு, வேணாம்னு சொல்லுங்க.

எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது ஒழுகுதுங்கிறதும் பெரிய துப்பு. ஃபுல்லா இருக்கும்போது மட்டும் ஒழுகி, பாதி ஆனதும் நின்னுடுச்சுன்னா அடிப்பாகத்துல தேடாதீங்க, மேல் பாதில எங்கயோ இருக்கு. மூடி டேங்கோட சமமா அமுங்கி இருக்கிற வண்டிகள்ல மூடிய சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், அதுல சேர்ற மழைத்தண்ணி வெளிய போக ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டைல இருந்து ஒரு சன்ன பைப் டேங்குக்கு உள்ளாரயே இறங்கி அடியில வெளிய வரும். அந்த பைப் நடுவுல துருப்பிடிச்சு ஓட்டை ஆச்சுன்னா டேங்க் பெட்ரோல் பைப்புக்குள்ள புகுந்து அடியில கொட்டும். வெளிய இருந்து பார்த்தா டேங்க் பளபளன்னு இருக்கும், ஒரு கீறல் கூட தெரியாது, மெக்கானிக்கே குழம்பிடுவாரு. அடியில தொங்குற அந்த ட்யூபை கழட்டிட்டு பைப் முனைய பாருங்க, மழை பெய்யாத நாள்ல அதுல ஈரம் இருந்தா அதேதான்.

எல்லா அளவுலயும் ஒழுகுது, டேப்பை மூடினாலும் நிக்கலைன்னா டேப்பையே முதல்ல சந்தேகப்படுங்க. டேப்புல ரெண்டு இடம். ஒண்ணு, டேப்பும் டேங்கும் சேர்ற இடம், அங்க ஒரு ஓ ரிங்கோ (ரப்பர் வளையம்) கேஸ்கட்டோ இருக்கும், வருஷக்கணக்குல காய்ஞ்சு தட்டையாகி விட்டுடும். ரெண்டு, கைப்பிடி திருப்புற இடம், அதுக்குள்ள நாலு ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வாஷர், அது தேஞ்சா கைப்பிடிய சுத்தி ஈரம் கசியும், சில வண்டில ஆஃப்ல வெச்சாலும் உள்ளுக்குள்ள பெட்ரோல் போய்ட்டே இருக்கும். ரெண்டுக்கும் கிட்டு சின்ன விலைதான், ஆனா டேப்போட பாடி அரிச்சுப் போயிருந்தா முழு டேப்பையே மாத்துறது உத்தமம். டேப்பை கழட்டினா உள்ள நிக்கிற வலை ஃபில்டரையும் பாருங்க, அதுல சிவப்பா சேறு மாதிரி ஒட்டியிருந்தா உங்க டேங்க் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுட்டு இருக்குன்னு அர்த்தம், கீழ அதுக்கு வர்றேன். போல்ட்டை முறுக்கும்போது பலம் காட்டாதீங்க, டேங்க்ல வெச்சு பத்தவெச்ச நட்டு அது, அதிகமா முறுக்கினா மரை போகும், இல்ல நட்டை சுத்தி தகடே விரியும், அப்புறம் நிஜமாவே டேங்க் ஒழுகும். பெட்ரோல் மீட்டர் ஃப்ளோட் யூனிட்டுக்கும் இதே கதைதான், கேஸ்கட் புதுசு போட்டு எதிரெதிர் நட்டா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும்.

இந்த இடங்கள்ல எல்லாம் சிலிக்கான் பேஸ்ட் பிதுக்கி வைக்கிற பழக்கம் நம்ம பட்டறைகள்ல ரொம்ப இருக்கு. சாதாரண சிலிக்கான் பெட்ரோல்ல ஊறி உப்பி ஜெல்லி ஆகிடும், அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு போய் கார்பரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போற ஊசி ஓட்டைய, அடைக்கும். ஓ ரிங் போட வேண்டிய இடத்துல ஓ ரிங் மட்டும் போடுங்க.

எஃப்ஐ, அதாவது கார்பரேட்டருக்கு பதிலா பெட்ரோலை பிரஷர்ல பீச்சி அனுப்புற வண்டில பெரும்பாலும் டேப்பு கிடையாது, நிறைய மாடல்ல டேங்க் அடியில இருந்தே பம்ப் சொருகியிருக்கும். இதுல சாவி சோதனை பண்ணணும், அதுக்கு மட்டும் பேட்டரி வயரை மாட்டிக்கணும், ஆனா கீழ ஈரத்தை எல்லாம் துடைச்சு, வாடை போக விட்டுட்டு, காத்தோட்டமான வெட்டவெளியில மாட்டுங்க. சாவி ஆன் பண்ணினதும் ரெண்டு மூணு செகண்ட் 'உய்ங்'னு ஒரு சத்தம் வருமே, அந்த நேரத்துல மட்டும் ஒழுகுதுன்னா பிரஷர் லைன், அதாவது ஹோஸ் இல்லன்னா அதோட கனெக்டர். சாவி போடாமலே எந்நேரமும் ஒழுகுதுன்னா பம்ப் பிளேட்டோட ஓ ரிங், இல்லன்னா டேங்க். லைன்ல பிரஷர் ஏறக்குறைய 3 பார், அப்படியே ஹோஸை பிடுங்கினா முகத்துல பீச்சும், அதனால வாடை போன பிறகு பம்ப் கனெக்டரை கழட்டிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விட்டு, அப்புறம் ஒரு துணிய சுத்திப் பிடிச்சு கழட்டுங்க. லைன்லயே ஒழுகுதுன்னா ஸ்டார்ட் எல்லாம் பண்ண வேணாம், வண்டிய தள்ளிட்டு போய் சர்வீஸ் சென்டர்ல விடுங்க. பழைய ஓ ரிங்கை திருப்பி போட்டா உக்காராது, உப்பியிருக்கும், பள்ளத்துலயே அடங்காது.

இவ்வளவும் பார்த்தாச்சு, இதுல எதுவும் இல்லைன்னா டேங்க்தான் ஓட்டை. கழட்டிடுங்க. சீட்டை எடுத்தா பின்னாடி போல்ட் தெரியும், முன்னாடி பெரும்பாலான வண்டில ரெண்டு ரப்பர் கப்புல சொருகி நிக்கும், மீட்டர் வயர், பெட்ரோல் ட்யூப் எல்லாம் கழட்டிட்டு பின்பக்கமா தூக்கி இழுத்தா வந்துடும். அதுக்கு முன்னாடி பெட்ரோலை டேப்பு வழியா மூடி போட்ட ஒரு தகர கேன்லயோ பெட்ரோலுக்குன்னு இருக்கிற கேன்லயோ வடிச்சுக்கோங்க, கேனை தரையில வெச்சு வடிங்க. வாயால உறிஞ்சி எடுக்கிற வித்தை வேணவே வேணாம், ஒரு மடக்கு வழுக்கி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியா மாதிரி ஆகி ஆஸ்பத்திரில படுக்க வேண்டியதுதான். யாராவது முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா கூட்டிட்டு போங்க.

கழட்டின டேங்கை வெளிய நல்லா சோப்பு போட்டு கழுவி, நிழல்ல காய வெச்சு, அடிப்பாகம் பூரா முகத்துக்கு போடுற பவுடரை தூவுங்க, சாக்பீஸ் பொடி கூட போதும். அப்புறம் டேப்பு ஓட்டைய அடைச்சுட்டு உள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்தி, வண்டில எந்த சாய்வுல நிக்குமோ அதே சாய்வுல ரெண்டு செங்கல் மேல வைங்க. கண்ணை எடுக்காம பாருங்க. முதல்ல வெள்ளைல ஒரு குண்டூசி தலை அளவு சாம்பல் புள்ளி வரும், நாலஞ்சு நிமிஷத்துல அது காசு அளவு பரவும், அப்புறம் கீழ்நோக்கி வால் விடும். அந்த முதல் புள்ளிதான் நிஜமான இடம், வால் விட்ட பிறகு வந்து பார்த்தா இடம் தெரியாது. உடனே ஸ்கெட்ச் பேனாவால சுத்தி ஒரு வட்டம் போட்டுக்கோங்க.

பவுடர்லயும் பிடிபடலைன்னா காத்து. டேங்கை காலி பண்ணி, சுடுதண்ணில கழுவிட்டு, எல்லா ஓட்டையும் ரப்பர் வெச்சு அடைச்சு (மூடில காத்து போற வழி இருக்கு, அதனால மூடி வாயையும் பழைய சைக்கிள் ட்யூப் வெச்சு கட்டணும்) சைக்கிள் கை பம்ப்புல கொஞ்சமா காத்து குடுத்து சோப்பு நுரை தடவினா, பஞ்சர் பார்க்கிற மாதிரி முட்டை வரும். பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல மட்டும் குடுத்துடாதீங்க. டேங்க் தகடு ஒரு மில்லி கூட தடிமன் இருக்காது, 2 பிஎஸ்ஐக்கு மேல போனா அடித்தகடு வெளிய உப்பும், மடிப்பு விட்டுக்கும், அப்புறம் ஃப்ரேம்லயே உக்காராது.

இனி ஒரு விஷயம் கவனிச்சுப் பாருங்க, ஓட்டை பெரும்பாலும் இடது பக்கம் பின்னாடி அடியிலதான் இருக்கும். ஏன்னா நாம சைடு ஸ்டாண்டு போட்டே நிறுத்துறோம், வண்டி இடது பக்கம் சாய்ஞ்சு நிக்குது. டேங்குக்குள்ள எப்படியாவது தண்ணி போயிடுது, மழைல மூடி ரப்பர் வழியா, வாட்டர் வாஷ்ல மூடி மேலயே பிரஷரா அடிக்கிறதால, மூடி பள்ளத்து ஓட்டை மண்ணு அடைச்சு தண்ணி தேங்கி உள்ள இறங்கறதால. தண்ணி பெட்ரோலை விட கனம், அடியில போய் இடது மூலைல உக்காந்துக்கும். ரிசர்வ் குழாய் கூட தரைல இருந்து கொஞ்சம் மேலதான் ஆரம்பிக்கும், அதனால அந்த கடைசி தண்ணி ஒரு நாளும் வெளிய வராது, வருஷக்கணக்குல அங்கயே நின்னு உள்ள இருந்து வெளிய அரிச்சுட்டு வரும். வெளிய பெயின்ட் ஒரு சின்ன கொப்பளம் மாதிரி எழும்பினா அன்னைக்கே தெரிஞ்சுக்கணும், உள்ள வேலை முடிஞ்சாச்சு.

இப்போ எத்தனால் வேற சேர்ந்தாச்சு. 2023 பிப்ரவரில இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பங்குகளுக்கு வர ஆரம்பிச்சுது, இப்போ பரவலா அதுதான். எத்தனால் தண்ணிய இழுத்து தனக்குள்ள வெச்சுக்கும், ஒரு அளவு வரைக்கும் அது நல்லதுதான், கொஞ்சம் தண்ணிய கலந்து எரிச்சு வெளிய தள்ளிடும். அளவு தாண்டினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பெட்ரோலை விட்டு பிரிஞ்சு அடியில தனி அடுக்கா நிக்கும், ஓடாம மாசக்கணக்குல நிக்கிற வண்டிக்கு இதுதான் எமன். பழைய வண்டிகளோட ரப்பர் வாஷர், ஓ ரிங் எல்லாமும் இதுல சீக்கிரம் கெடும், அதனால மாத்தும்போது இ20 தாங்குற சரக்கான்னு கேட்டு வாங்குங்க.

நடுவழில ஒழுகினா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. துணி துவைக்கிற பார் சோப்பு ஒரு துண்டு வாங்கி, ஓட்டை மேல அழுத்தி தேய்ச்சு அடைங்க. பழைய டிரைவர்கள் வித்தை, வேலை செய்யும், ஏன்னா சோப்பு பெட்ரோல்ல கரையாது. தண்ணில கரைஞ்சுடும், மழை பெஞ்சா போச்சு, வீட்டுக்கோ பட்டறைக்கோ போய் சேர்றதுக்கு மட்டும். பபுள்கம், ஃபெவிக்விக் எல்லாம் டைம் வேஸ்ட். வேகமா ஒழுகுச்சுன்னா, அதுவும் சைலன்சர் மேல சொட்டுச்சுன்னா, சோப்பெல்லாம் யோசிக்காம வண்டிய ஆஃப் பண்ணி தள்ளிட்டு போங்க.

எம்சீலை நான் ஒரேயடியா தப்புன்னு சொல்லல, போடற விதம்தான் தப்பு. ஈரத்து மேல, பெயின்ட் மேல அப்பினா எந்த எபாக்ஸியும் (எம்சீலும் ஒரு எபாக்ஸி பசைதான்) ஒட்டாது. பெட்ரோலை முழுசா வடிச்சு, ஓட்டைய சுத்தி ஒரு இன்ச்சுக்கு பெயின்டை சுரண்டி, உப்புத்தாள் போட்டு தகடு வெள்ளி மாதிரி மின்னுற வரைக்கும் தேய்க்கணும். தேய்க்கும்போது ஒரு வேலை பண்ணுங்க, கூரான ஆணி முனையால ஓட்டைய சுத்தி மெல்ல குத்திப் பாருங்க. நல்ல தகடுன்னா 'டிக்'னு நிக்கும், அரிச்ச தகடுன்னா சத்தமே இல்லாம உள்ள இறங்கும். ஒரே ஒரு ஊசி ஓட்டை, சுத்தி கெட்டியா இருக்குன்னா எபாக்ஸி போடலாம், சுத்தி நாலு இடத்துல ஆணி இறங்குச்சுன்னா எபாக்ஸிக்கு செலவு பண்ணாதீங்க. போடறதுன்னா தின்னர்ல துடைச்சு காய விட்டு, ரெண்டு பாகத்தையும் சமமா ஒரே நிறம் வர்ற வரைக்கும் பிசைஞ்சு, முதல்ல கொஞ்சூண்டு எடுத்து ஓட்டைக்குள்ள அழுத்தி திணிச்சு, அப்புறம் மேல மெல்லிசா பரப்பி, ஒரு நாள் முழுக்க தொடாம விடணும். அவசரத்துல சாயங்காலமே பெட்ரோல் ஊத்தினா எல்லாம் வீண். மடிப்பு ஓரத்துல வர்ற வெடிப்புக்கு எபாக்ஸி நிக்காது, வண்டி அதிர்வுல விட்டுடும்.

நிரந்தரமா வேணும்னா ஈயம் பத்த வைக்கணும், இல்ல பித்தளை வெச்சு கேஸ்ல பத்த வைக்கணும், பெரிய ஓட்டைன்னா அழுகின பாகத்தை வெட்டி புது தகடு வெச்சு வெல்டிங். இதுல ஒண்ணையும் வீட்ல பண்ணாதீங்க, இதை மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாம சொல்றேன். நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்க்தான் வெடிக்கும், ஏன்னா வெடிக்க வேண்டிய ஆவியும் காத்தும் சரியான கலவைல இருக்கிறது காலி டேங்க்லதான். மாசக்கணக்குல காலியா கிடந்த டேங்க் கூட, உள்ள காய்ஞ்ச பிசினும் துருவும் சூடு பட்டதும் மறுபடி ஆவி விடும், மோந்து பார்த்து வாசனை இல்லைன்னு சொல்றதெல்லாம் கணக்கே இல்ல. ஒழுங்கா பண்ற ஆளு என்ன பண்ணுவாருன்னா, சுடுதண்ணியும் சோப்பு பவுடரும் போட்டு பல தடவை குலுக்கி கழுவி, டேப்பு, ஃப்ளோட், மூடி எல்லாம் கழட்டி வாயை திறந்து வெச்சு, ஓட்டை மேல் பக்கமா வர்ற மாதிரி டேங்கை கவுத்து வெச்சு, கீழ்ப்பக்கம் வர்ற வாயை எல்லாம் அடைச்சு, மேல வர்ற ஒரு வாயை மட்டும் திறந்து விட்டு, ஓட்டைக்கு ஒரு இன்ச் கீழ வரைக்கும் தண்ணி நிரப்பிடுவாரு. ஆவி நிக்க இடம் ரொம்ப கம்மியாதான் இருக்கும், சூட்டுல வர்ற நீராவி போக வழியும் இருக்கும். தண்ணி தகட்டையே தொட்டா சூடு ஏறாது, ஈயம் ஒட்டாது, அதனால அந்த ஒரு இன்ச் இடைவெளி. நீங்க கொண்டு போன டேங்கை கழுவாம, தண்ணி ஊத்தாம டார்ச்சை பத்த வைக்கிற ஆளுகிட்ட இருந்து டேங்கை வாங்கிட்டு வந்துடுங்க. பழைய ரேடியேட்டர் பட்டறைக்காரங்க ஈயம் பத்த வைக்கிறதுல கில்லாடிங்க, ஊசி ஓட்டைக்கு அவங்ககிட்ட போறது நல்லது, பத்த வைக்கிற ஈயம் (வெள்ளீயம் கலந்தது) குறைஞ்ச சூட்டுலயே உருகிடும், தகடு நெளியாது, பெயின்டும் கொஞ்சம்தான் போகும். பித்தளைக்கு 900 டிகிரி வரைக்கும் சூடு போகும், அந்த பக்கம் பெயின்ட் பூரா போயிடும், அதுக்கு தயாரா இருங்க.

ஓட்டைய அடைச்சுட்டு உள்ள துருவை விட்டா ஆறு மாசத்துல பக்கத்துல இன்னொண்ணு. ஹார்டுவேர் கடைல, மளிகை கடைல எலுமிச்சை உப்புன்னு கேட்டா சிட்ரிக் ஆசிட் குடுப்பாங்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம்னு கலந்து டேங்க் பூரா நிரப்பி ஒரு ராத்திரி விடுங்க. கட்டி துருவா இருந்தா முதல்ல ஒரு பிடி நட்டு போல்ட்டோ பழைய செயின் துண்டோ போட்டு குலுக்குங்க, எத்தனை போட்டீங்கன்னு எண்ணிக்கோங்க, ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சுன்னா சாகுற வரைக்கும் கடகடன்னு சத்தம் கேக்கும். காலைல வடிச்சுட்டு சமையல் சோடா கலந்த தண்ணில அலசி, நல்ல தண்ணில அலசி, உடனே காய வெக்கணும். இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க, ஆசிட்ல கழுவின வெறும் இரும்பு ஈரத்தோட அரை மணி நேரம் நின்னாலே ஆரஞ்சா துரு பூத்துடும். ஹேர் டிரையரோ வேக்கம் க்ளீனரோட காத்து ஊதுற பக்கமோ வெச்சு காய வைங்க (பெட்ரோல் வாடை முழுசா போன டேங்க்னா மட்டும்), காய்ஞ்சதும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு எல்லா பக்கமும் சுழட்டுங்க. இன்னொன்னு தெரிஞ்சுக்கோங்க, அதுவரைக்கும் ஒழுகாத டேங்க் கூட இப்படி கழுவினதும் ஒழுகலாம், துருவே அடைப்பா இருந்திருக்கும். அதனால கழுவுற வேலைய முதல்ல முடிச்சுட்டு, மறுபடி பவுடர் போட்டு பார்த்துட்டு, அப்புறம் பத்த வைக்க குடுக்குறதுதான் வரிசை.

உள்ள பூசுற டேங்க் லைனர் எபாக்ஸி இருக்கு, நல்லதுதான், பழைய ஆர்எக்ஸ் 100, யெஸ்டி மாதிரி நல்ல டேங்க் கிடைக்கிறது கஷ்டமான வண்டிகளுக்கு பூசலாம். துரு ஒரு துளி, ஈரம் ஒரு துளி இருந்தாலும் பின்னாடி பாலாடை மாதிரி உரிஞ்சு வந்து பெட்ரோல் வழிய அடைக்கும். எத்தனால் தாங்குமான்னு டப்பால எழுதியிருக்கான்னு பாருங்க. டேப்பு ஓட்டைய போல்ட் வெச்சு அடைச்சுட்டு ஊத்தணும், மிச்சத்தை முழுசா வடிக்கணும், மடிப்புல குளம் கட்டி நின்னா அங்கதான் வெடிக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி தெருவுக்கு தெரு ஸ்பேர் கிடைக்கிற வண்டிக்கு இவ்வளவு கஷ்டப்படாதீங்க, ஆணி நாலு இடத்துல இறங்குச்சுன்னா புது டேங்க் வாங்குறதுதான் மலிவு.

கார் பத்தி சுருக்கமா. பின்சீட்டுல பெட்ரோல் வாடை வருது ஆனா கீழ சொட்டலைன்னா பம்ப் மேல் பக்கத்து சீல், நிறைய கார்ல பின்சீட்டுக்கு அடியில மூடிய திறந்தா தெரியும். பங்க்ல போடும்போது மட்டும் சக்கரத்துக்கு பக்கத்துல ஒழுகுதுன்னா, பெட்ரோல் ஊத்துற வாயில இருந்து டேங்க் வரைக்கும் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கு. இப்போ வர்ற நிறைய கார்ல டேங்க் பிளாஸ்டிக், அதுல எபாக்ஸி, ஃபெவிக்விக் எதுவும் ஒட்டாது, மாத்துறதுதான் வழி. ஜாக்கி மேல மட்டும் நிக்க வெச்சுட்டு கீழ படுக்காதீங்க, ஸ்டாண்டு இல்லைன்னா பட்டறைக்கு விடுங்க, தொங்கவிட்ட பழைய குண்டு பல்பை வெச்சுட்டு கீழ பார்க்காதீங்க, அது உடைஞ்சா அதுவே போதும்.

எல்லாம் முடிச்சு டேங்கை மாட்டினதும் உடனே ஃபுல் பண்ணாதீங்க. ரெண்டு லிட்டர் ஊத்தி, வெளிய நிழல்ல, கீழ ஒரு அட்டைய விரிச்சு ஒரு ராத்திரி விடுங்க, அட்டைல பெட்ரோல் சொட்டினா காய்ஞ்சாலும் ஒரு வளையம் மாதிரி கறை நிக்கும், காலைல தெரிஞ்சுடும். ஒண்ணும் இல்லைன்னா ஃபுல் பண்ணி, ஒரு ரவுண்டு மேடு பள்ளத்துல ஓட்டிட்டு வந்து, பத்த வெச்ச இடத்தை விரலால தடவிப் பாருங்க. வடிச்சு வெச்ச பழைய பெட்ரோல் தெளிவா இருந்தா ஒரு வெள்ளைத் துணில வடிகட்டி ஊத்திக்கலாம், கீழ தண்ணி அடுக்கு தெரிஞ்சாலோ சிவப்பா கலங்கி இருந்தாலோ வண்டில ஊத்தாதீங்க, சாக்கடைல ஊத்தாதீங்க, மூடி போட்டு பட்டறைல குடுத்துடுங்க, பார்ட்ஸ் கழுவ வெச்சுக்குவாங்க.